பாலைப் பாத்து பசுவ எடுக்குறதா, ஆத்தாளையும் பாத்து எடுக்குறதா? (மூணு பட்டி பாத்துட்டு வந்து கேக்குறேன்)

மேட்டுலயத்தான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீளமா எழுதப்போறேன், பொறுமை இல்லாதவங்க நேரா கடைசிக்கு போங்க, கேள்வி அங்கதான் இருக்கு.

நான் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டம். லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால கொட்டில், ரெண்டு கறவை, ஒரு வத்துன மாடு. மூணும் அங்கங்க கெடச்சத வாங்குனது, என்ன ஜாதின்னு கேட்டா ப்ரீசியன் மாதிரின்னு சொல்லலாம், அவ்வளவுதான். இந்த தடவ பரம்பரை எழுதுன கார்ட் உள்ள நல்ல இனத்து மாடா, கன்னு எடுக்குறதுக்குன்னே ஒண்ணு வாங்கணும்னு ரெண்டு வருசமா சீட்டு கட்டி காசு சேத்து வச்சிருக்கேன். எங்க மாமா முப்பது வருசமா மாடு வச்சிருந்த ஆளு. "வாங்குறதுக்கு முன்னாடி பத்து பட்டி பாருடா"ன்னாரு. பத்துக்கு எங்க போறது, மூணுதான் பாக்க முடிஞ்சிச்சி.

மொதல் எடம் அம்பேவெல பக்கம் ஒரு பெரிய பண்ணை. நானுஓயாவுல ரயில் ஏறி போனோம், அந்த காத்தாடியெல்லாம் சுத்துற எடம், குளிர்னா குளிர், மாமா தலைக்குல்லாவ கழட்டவே இல்ல. உள்ள விடுறதுக்கு முன்னாடி மருந்து தண்ணியில சப்பாத்த நனைக்க சொன்னாங்க, வீட்டுல மாடு இருக்கான்னும் கேட்டாங்க. கொட்டிலுக்குள்ள மாடுகள பாத்ததும் எனக்கு வாய் பொளந்துருச்சி, ஆனா மாமா எதையும் ஒழுங்கா பாக்கல. காட்டிக்கிட்டு வந்த தம்பிகிட்ட நேரா கேட்டாரு, "இங்க ஆக வயசான கறவை எது?" அவன் சிரிச்சான். வயசான மாட்ட பாக்கவா ரயில் ஏறி வந்தீங்கன்னு. அப்பறம் கூட்டிட்டு போயி காட்டுனான், ஏழு கன்னு போட்டது, கொம்பு எரிச்சது, முதுகெலும்பு தெரியுது, அழகே இல்ல. மாமா அது பின்னாடி போயி கால் மணி நேரம் நின்னாரு. "ஏழு கன்னுக்கு அப்பறமும் மடி பின்னங்கால் முட்டிக்கு மேல நிக்குது பாத்தியா"ன்னு மட்டும் சொன்னாரு. அன்னைக்கு அங்க விக்கிற மாடு இல்லன்னுட்டாங்க.

ரெண்டாவது எடம் தனியாள் ஒருத்தர், ஊர் பேர் வேணாம். இருபது மாட்டுக்கு மேல, எல்லாமே பெரிய பெரிய கறுப்பு வெள்ளை. ஒரு மாட்ட குளிப்பாட்டி முன்னுக்கு கொண்டாந்து நிறுத்துனாரு. ரெண்டாம் ஈத்து, 22 லீட்டர்னாரு. மடி பானை மாதிரி இருக்கு, காம்புல இருந்து பால் சொட்டுது. நான் அங்கயே காச குடுத்துருப்பேன். மாமா "கறந்து காட்டுங்க"ன்னாரு. அவரு "காலையிலயே கறந்தாச்சே, சாயங்காலம் ஆள் வரும்"னாரு. நாங்க போனது பகல் 11 மணி. காலையில கறந்த மடி 11 மணிக்கு சொட்டுமா? மாமா ஒண்ணும் பேசல. டீ குடிச்சிட்டு வந்துட்டோம்.

மூணாவது, நானுஓயாவுக்கு கீழ ஒரு அண்ணன், ஆறே ஆறு மாடு. கொட்டில் தகரம் ஓட்டை. ஆனா ஒரு சீஆர் கொப்பி வச்சிருக்காரு பாருங்க. எந்த மாடு எந்த தேதி பருவத்துக்கு வந்திச்சி, எப்ப சினை ஊசி போட்டது, அந்த ஊசிக்கு விந்து எடுத்த காளை நம்பர் என்ன, கன்னு எப்ப, வாரத்துக்கு ஒரு நாள் பால் அளந்து எழுதுனது, எல்லாம். அவருகிட்ட நாலாம் ஈத்து ப்ரீசியன் ஒண்ணு, உச்சத்துல 14 லீட்டர். அத விக்க மாட்டாராம். அதோட மக, சினைக் கிடாரி, அத தர்றேன்றாரு.

கேள்வி இதுதான். 22 லீட்டர் மாடா, 14 லீட்டர் மாட்டோட மகளா? மாமா கிடாரிங்குறாரு. "பாலைப் பாத்து பசுவ எடு"ன்னுதானே சொல்லுவாங்க, கிடாரில என்ன பாலப் பாக்குறது? விலைய இங்க போட மாட்டேன், ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

பண்டாரவளை பால்காரன் எழுதியது:

அந்த பழமொழிய பாதிதான் சொல்லிருக்கீங்க தம்பி. முன்னாடி "தாயைப் பாத்து பொண்ண எடு"ன்னு இருக்கு. ஒங்க மாமா ரெண்டையும் மாட்டுக்கே சொல்லுறாரு 😄

சுழிபாக்குறவன் எழுதியது:

சுழி பாத்தீங்களா? யாரும் சுழிய பத்தி பேசவே இல்ல. முதுகுல சுழி, நெத்திச் சுழி எல்லாம் பாக்காம மாட்ட வீட்டுக்குள்ள ஏத்தக்கூடாது. எங்க தாத்தா சுழி சரியில்லாத மாட்ட வாங்கி அந்த வருசமே ரெண்டு கன்னு செத்துச்சி.

பழைய பட்டிக்காரர் எழுதியது:

சுழி பாக்குறவங்கள கொற சொல்லல, எங்க அப்பாவும் பாத்தவருதான். ஆனா அவரு சுழிய பாக்குறதுக்குள்ள மாட்ட சுத்தி மூணு தடவ நடந்திருப்பாரு, அதுலயே எல்லாத்தையும் பாத்து முடிச்சிருப்பாரு. சுழி கடைசில வெல கொறைக்கிறதுக்கு.

மேட்டுலயத்தான் தம்பி, ஒங்க மாமாவுக்கு என் கும்பிடு. வயசான மாட்ட கேட்டாரு பாருங்க, அது தெரிஞ்ச ஆளு கேக்குற கேள்வி. தலையீத்து மாட்டுக்கு யாருக்கும் மடி நல்லாத்தான் இருக்கும். நாலு அஞ்சு கன்னுக்கு அப்பறம்தான் அந்த மடிய நடுவுல கயிறு மாதிரி தாங்குற நாரு என்ன லட்சணம்னு தெரியும். பின்னாடி நின்னு பாத்தா மடி நடுவுல ஒரு பள்ளம் தெளிவா ஓடணும், ரெண்டு பக்கமும் ரெண்டு பொட்டலம் தொங்குற மாதிரி. அந்த பள்ளம் மறைஞ்சி அடி தட்டையாகி காம்பு நாலும் வெளிப்பக்கம் திரும்பி நின்னா நடுக்கயிறு அறுந்து போச்சின்னு அர்த்தம். அப்பறம் மடி கீழ எறங்கும், சேத்துல இடிக்கும், தன் கால்லயே மிதிச்சிக்கும், மடிவீக்கம் மாறி மாறி வரும். முன்மடி வயித்தோட ஒட்டி வழுவழுன்னு சேரணும், நடுவுல கை நுழையிற மாதிரி இருந்தா அதுவும் அவுந்துக்கிட்டு வருதுன்னுதான்.

அந்த 22 லீட்டர்காரரு ஒரு நேரம், சிலவேள ரெண்டு நேரம் கறக்காம விட்டு காட்டியிருக்காரு. இது பழைய வித்தை. ஊதுன மடிய பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, கறந்து முடிஞ்ச மடியத்தான் பாக்கணும். பால் மடின்னா கறந்ததும் காலிப் பை மாதிரி மடிஞ்சி சுருங்கிப் போகும், தோல் மெத்துன்னு இருக்கும். கறந்த பிறகும் அதே பெருசுல கட்டியா நின்னா அது சதை மடி, இல்லன்னா பழைய மடிநோய் காஞ்சி போன தழும்பு. ஒவ்வொரு காம்புலயும் மொதல் நாலு பீச்சு தனியா கறுப்பு கோப்பையில எடுத்து பாருங்க, திரி திரியா வருதா தண்ணியா வருதான்னு. மூணு காம்பு மாட்ட நாலு காம்புன்னு வித்த ஆளுங்கள நான் பாத்திருக்கேன், நாலாவது காம்பு அழகுக்கு இருக்கும்.

இன்னொண்ணு. அவரு நெசமாவே 22 கறந்தாலும் அது கன்னு போட்டு ஆறு எட்டு வாரத்துல வர்ற உச்சம். வருசம் பூராவும் அப்பிடி கறக்காது. உச்சத்த 200ஆல பெருக்கிப் பாருங்க, ஒரு ஈத்துக்கு கறக்குற 305 நாளைக்கு கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். 22க்கு 4400. அந்த அண்ணனோட 14க்கு 2800. இது கைக்கணக்குத்தான்.

மேட்டுலயத்தான் எழுதியது:

அப்ப 4400 பெருசுதானே அண்ணே? அங்கதான் எனக்கு கொழப்பம்.

பேராதனை பொடியன் எழுதியது:

மிருக வைத்தியம் படிக்கிறேன், இன்னும் முடிக்கல, அதனால டொக்டர்னு கூப்புடாதீங்க.

அண்ணே ரெண்டு மாட்டையும் நேருக்கு நேர் வச்சி பாக்கக்கூடாது. ஒவ்வொண்ணையும் அந்தந்த கொட்டில்ல உள்ள மத்த மாடுகளோட வச்சி பாக்கணும். 22 லீட்டர்காரரு தீனி மூட்டை எத்தன குடுக்குறாரு, பச்ச சோளப் பயிர வெட்டி காத்து போகாம மூடி பதம் பண்ணி (சைலேஜ்) குடுக்குறாரா, தண்ணி எப்பவும் தொட்டியில இருக்கா? அந்த கொட்டில்ல மத்த மாடெல்லாம் 25 கறந்து இது 22 கறந்தா அது அங்க கடைசி மாடு. அதனாலதான் விக்கிறாரோ என்னமோ. ஓட்டை தகரத்துக்கு கீழ புல்லும் கொஞ்சம் புண்ணாக்கும் திண்டுகிட்டு மத்த அஞ்சும் 8, 9 கறக்குறப்ப ஒண்ணு மட்டும் 14 கறந்தா அந்த மாட்டுல ஏதோ இருக்கு.

மாட்டுக்கு மாடு பால்ல உள்ள வித்தியாசத்துல கிட்டத்தட்ட கால்பங்குதான் பரம்பரையால வர்றது. மிச்சமெல்லாம் தீனி, கவனிப்பு, சீதோஷ்ணம், எந்த மாசம் கன்னு போட்டதுன்றது. காசு குடுத்து வாங்கிட்டு வர்றப்ப அந்த கால்பங்குதான் ஒங்க வீட்டுக்கு வரும், முக்கால்பங்கு அந்தாளோட கொட்டில்லயே நின்னுரும். கன்னு எடுக்கத்தான் மாடுன்னா இது இன்னும் முக்கியம், ஏன்னா கன்னுக்கு போறது தாயோட பாதி, காளையோட பாதி. அதான் கொப்பியில காளை நம்பர் இருக்குறது பெரிய விசயம். குண்டசாலைல இருந்து வர்ற விந்துக் குச்சில காளை நம்பர் இருக்கும், அத எழுதி வைக்கிற ஆளு ரொம்ப கம்மி.

பழைய பட்டிக்காரர் எழுதியது:

இந்த பொடியன் நல்லா வருவான். கொப்பியில இன்னொண்ணு பாருங்க தம்பி, அந்த தாய் மாடு ஒரு கன்னுக்கும் அடுத்த கன்னுக்கும் எத்தன மாசம் எடுத்திருக்குன்னு.

மேட்டுலயத்தான் எழுதியது:

பாத்தேன் அண்ணே. நாலு ஈத்துக்கும் நடுவுல ஒண்ணுகூட 13 மாசத்த தாண்டல.

பழைய பட்டிக்காரர் எழுதியது:

அப்ப என்ன யோசன? மகளும் அதே மாதிரி வருசத்துக்கு ஒண்ணு போடும்.

பேராதனை பொடியன் எழுதியது:

ஐயா மன்னிக்கணும், அங்க மட்டும் ஒத்துக்க மாட்டேன். சினை புடிக்கிற கொணம் பரம்பரையா போறது ரொம்ப ரொம்ப கொஞ்சம், நூத்துக்கு அஞ்சுக்கும் கீழதான். தாய் ஒழுங்கா கன்னு போட்டதுக்காக மகளும் போடும்னு சொல்ல முடியாது. அந்த 13 மாசம் எனக்கு மாட்ட பத்தி சொல்லல, மாட்டுக்காரர பத்தி சொல்லுது. பருவத்த தவற விடாம பாக்குறாரு, காலையில பருவம் பாத்தா சாயங்காலம், சாயங்காலம் பாத்தா அடுத்த நாள் காலையில ஊசி போட ஆள கூப்புடுறாரு, எழுதி வைக்கிறாரு. அப்பிடியான ஆளு சொல்லுற மத்ததையும் நம்பலாம், அவ்வளவுதான். மடி, கால், ஒடம்பு வாகு இதெல்லாம் அத விட நல்லா பரம்பரையா வரும், அதனால தாய பாக்குறதுனா அத பாருங்க.

பழைய பட்டிக்காரர் எழுதியது:

சரி சரி, நீ படிச்சவன். ஆனா அஞ்சுக்கும் கீழன்னாலும் பூச்சியம் இல்லதானே 😀

சாமிமலை அக்கா எழுதியது:

எல்லாரும் மாட்ட பத்தியே பேசுறீங்க, அத கொண்டாந்து எங்க கட்டப்போறாரு, என்ன போடப்போறாருன்னு ஒருத்தரும் கேக்கல. அதனால என் கதைய சொல்லுறேன்.

நானும் கொழுந்து எடுக்குறவதான், பெரட்டுக்கு (காலையில வேலைக்கு பேர் குடுக்குற எடத்துக்கு) போறதுக்கு முன்னாடி கறந்து ஊத்திட்டு போவேன், வந்து பில்லு வெட்டணும். நாலு வருசத்துக்கு முன்னாடி நகைய அடகு வச்சி ஒரு பெரிய மாடு வாங்குனேன். வாங்குன எடத்துல நெசமாவே நல்லா கறந்த மாடுதான், பொய் இல்ல, நானே ரெண்டு நேரம் நின்னு பாத்தேன். இங்க வந்து மொத மாசம் 16, ரெண்டாம் மாசம் 12, அப்பறம் மாடு விலா எலும்பா போயிருச்சி. அது பாட்டுக்கு ஒடம்புல உள்ளத கரைச்சி பால குடுக்குது, நான் குடுக்குற பில்லு அதுக்கு காணல. பருவத்துக்கே வரல. வந்தாலும் தெரியல. ஊசி மேல ஊசி, ஒரு வருசத்துக்கு மேல சினை நிக்கல. மாட்டு டொக்டர் வந்து பாத்துட்டு "கர்ப்பப்பையில ஒண்ணும் இல்லம்மா, இதுக்கு பசி"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சி, என் கண்ணு முன்னாடி நிக்கிற மாட்டுக்கு பசின்னு இன்னொருத்தர் சொல்லி எனக்கு தெரியணுமா.

அதனால தம்பி, 22 லீட்டர் மாடு வாங்குனா 22 லீட்டருக்கு தீனி வாங்க காசு இருக்கான்னு பாருங்க. பெரிய மாடு சும்மா நிக்கிறதுக்கே ஒரு நாளைக்கு நெறைய பச்ச பில்லு வேணும், அது கழிய பாலுக்கு தனியா. கோ 3 தீனிப் பில்லு நட எடம் இருக்கா ஒங்களுக்கு? தோட்டத்து ஓரத்துல வெட்டுற பில்லுதான்னா மருந்து அடிச்ச மலையா இல்லையான்னு கங்காணிகிட்ட கேக்காம வெட்டாதீங்க.

அடுத்தது காலு. ஒங்க லயத்துக்கு எத்தன படி ஏறணும்? எங்களுக்கு கொட்டிலுக்கு போற வழியே சறுக்கு. சிமெந்து தரையில, சமதரையில வளந்த மாட்ட இங்க கொண்டாந்தா குளம்பு பிஞ்சி போகும். மாட்ட நடக்க விட்டு பக்கத்துல நின்னு பாருங்க, முன்னங்கால் வச்ச எடத்துலயே பின்னங்கால் வந்து விழணும். நடக்குறப்ப முதுக வளைச்சா கால்ல வலி இருக்கு. பின்னங்கால் முட்டி வீங்கிருந்தா படுக்குற எடம் சரியில்லாத மாடு.

பண்டாரவளை பால்காரன் எழுதியது:

அக்கா சொன்னதுக்கு அப்பறம் நான் ஜேர்சிக்கு ஒரு ஓட்டு போடுறேன். ஒடம்பு சின்னது, தீனி கம்மி, குளம்பு கெட்டி, மேட்டுல ஆடு மாதிரி ஏறும். பால் கொறஞ்சாலும் கொழுப்பு 5 கிட்ட நிக்கும், ப்ரீசியன் நாலுக்கு கீழ. பால் எடுக்குற சென்டர்ல கொழுப்ப பாத்துதானே காசு குடுக்குறாங்க. ஒரே பயம் கன்னு போட்டதும் வர்ற பால் காய்ச்சல் (சுண்ணாம்புச் சத்து கொறஞ்சி மாடு விழுந்துரும்), அது மட்டும் ஜேர்சிக்கு கூட, அதுவும் மூணாம் ஈத்துக்கு மேல.

சுழிபாக்குறவன் எழுதியது:

ஜேர்சி பால் டீக்கு நல்லாருக்கும்.

மேட்டுலயத்தான் எழுதியது:

அக்கா, ஒங்க பதிவ மாமாவுக்கு வாசிச்சி காட்டுனேன். ஒண்ணும் சொல்லல, வெளிய போயி பீடி பத்த வச்சாரு. அவருக்கும் அப்பிடி ஒரு மாடு இருந்திச்சி போல.

எனக்கு கோ 3 அரை ஏக்கர்கூட வராது. வீட்டுக்கு 34 படி. இப்ப எண்ணிட்டு வந்துதான் எழுதுறேன்.

இருந்தாலும் மனசு கேக்கல, நேத்து சாயங்காலம் சொல்லாம கொள்ளாம அந்த 22 லீட்டர் எடத்துக்கு நான் மட்டும் போனேன். கறக்குற நேரம்தான். அந்த மாட்ட கறந்துக்கிட்டு இருந்தாங்க, நின்னு பாத்தேன், 7 லீட்டர். காலையில இத விட கூட வரும்னே வச்சாலும் 22 எங்க? அவரு "இன்னைக்கு பருவத்துல இருக்கு, அதான் கொறஞ்சிச்சி"ன்னாரு. "போன வாரம் மூணு மாச சினைன்னு சொன்னீங்களே"ன்னு கேட்டேன். அதுக்கு பதில் இல்ல. இருட்டு விழுந்துருச்சி, பஸ் இல்ல, அவரே ஓட்டோவுக்கு சொல்லி அனுப்புனாரு, அந்த வகையில நல்ல மனுசன்தான்.

பழைய பட்டிக்காரர் எழுதியது:

😂😂 சினையாவும் இருக்கு, பருவத்துலயும் இருக்கு, அப்பிடி ஒரு மாடு வாங்கலன்னா எப்பிடி தம்பி

பேராதனை பொடியன் எழுதியது:

சிரிப்பு வந்தாலும் சினை மாடு எப்பவாவது ஒண்ணு ரெண்டு பருவம் மாதிரி காட்டுறது உண்டுதான். அதுக்குத்தான் டொக்டர கூட்டிட்டு போயி கை வச்சி பாக்க சொல்லணும், ரெண்டு மூணு மாசத்துக்கு மேலன்னா கையிலயே தெரியும். கிடாரிக்கும் இத செய்ங்க. கொப்பியில உள்ள ஊசி தேதியும் டொக்டர் சொல்லுற மாசமும் ஒத்து வருதான்னு பாருங்க. கருச்சிதைவு நோய்க்கு ரத்தம் எடுத்து பாக்க முடியுமான்னு மிருக வைத்தியர் காரியாலயத்துல கேளுங்க, அது ஒண்ணு கொட்டிலுக்குள்ள வந்தா மத்த மூணுக்கும் பரவும், பச்சப் பால் குடிச்சா மனுசருக்கும் வரும்.

அப்பறம் கிடாரி எரட்டையா பொறந்ததான்னு கேளுங்க. காளைக்கன்னோட சேந்து பொறந்த கிடாரி பத்துல ஒம்பதுக்கு மேல மலடுதான். சினை நின்னுட்டதால ஒங்களுக்கு அந்த பயம் இல்ல, இத வாசிக்கிற மத்தவங்களுக்கு சொல்லுறேன்.

மேட்டுலயத்தான் எழுதியது:

பத்து நாளைக்கு அப்பறம் எழுதுறேன், வேலை கூட.

மாமாவையும் டொக்டரையும் கூட்டிட்டு நானுஓயா அண்ணன் வீட்டுக்கு போனோம். டொக்டர் கை வச்சி பாத்துட்டு ஏழு மாசம்னாரு, கொப்பிய தொறந்து பாத்தா ஊசி போட்டு 212 நாள். வாய தொறந்து பாத்தாரு, ரெண்டு பல்லு நல்லா எழும்பி நிக்குது, ரெண்டு வயசு தாண்டிருச்சின்னாரு, கொப்பியிலயும் 26 மாசம். ரத்தமும் எடுத்தாச்சி, ஒண்ணும் இல்லன்னு வந்திருச்சி.

மாமா கிடாரிய பாத்தது அஞ்சு நிமிசம்தான். விலாவுக்கு நடுவுல விரல வச்சி பாத்தாரு, ரெண்டு விரல் தாராளமா போகுது, எலும்பு பின்பக்கமா சாஞ்சி போகுதுன்னாரு. இடுப்புல இருந்து வால் பக்கம் கொஞ்சம் எறக்கமா இருக்கான்னு பாத்தாரு. வால் பக்கம் தூக்கி நின்னா கன்னு போட்டதுக்கு அப்பறம் அழுக்கு உள்ளயே தங்குமாம், எனக்கு இது புதுசு. மிச்ச ஒரு மணி நேரமும் தாய் மாட்டுகிட்டதான் நின்னாரு. கறக்குறத மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்தாரு, கறந்து முடிச்ச மடிய கையால தூக்கி விட்டாரு, அது துணி மாதிரி மடிஞ்சிச்சி. அப்பறம் அதோட மூத்த மக ஒண்ணு இருக்கு, ரெண்டாம் ஈத்து, பக்கத்து டிவிஷன்ல வித்திருக்காரு, அங்கயும் நடந்து போயி அதையும் பாத்துட்டு வந்தாரு. மழை வேற. அந்த மகளுக்கும் அதே மடி, நடுப் பள்ளம் தெளிவா. அங்க உள்ள பாட்டிதான் பால் கணக்கு சொன்னாங்க, 12, 13 வருதாம், "ஒதைக்காது, யாரு வேணும்னாலும் கறக்கலாம்"னாங்க. வர்ற வழியில மாமா, "இப்ப காச குடு"ன்னாரு.

லொறியில ஏத்தி வந்து 34 படியும் ஏத்துறதுக்கு முக்கா மணி நேரம் ஆச்சி, பன்னெண்டாவது படியில நின்னுகிட்டு தேயிலைய மேயுது.

சாமிமலை அக்கா எழுதியது:

நல்லா இருக்கணும். வந்த ஒடன தீனிய மாத்தாதீங்க, அங்க என்ன திண்டுச்சோ அதையே ஒரு வாரம் குடுத்து கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. மத்த மாடுகளோட ரெண்டு மூணு வாரம் சேக்காதீங்க. ராத்திரிக்கு கொட்டில அடைச்சி வைங்க, எங்க பக்கம் போன மாசம் ஒரு கன்ன சிறுத்த இழுத்துட்டு போயிருச்சி.

பண்டாரவளை பால்காரன் எழுதியது:

காளை நம்பர எழுதி எடுத்தீங்களா? பொறக்குற கன்னு கிடாரியா இருந்தா அதுக்கு அதே காளைய போட்டுறக்கூடாது, அப்பனே புருசன் ஆயிருவான்.

மேட்டுலயத்தான் எழுதியது:

எடுத்தேன் அண்ணே. கடையில ஒரு சீஆர் கொப்பி வாங்கி மொத பக்கத்துல தாய், தாயோட தாய், ரெண்டு காளை நம்பர், அந்த அக்காக்காரி மாட்டோட பால் எல்லாம் எழுதியாச்சி. எங்க பழைய மூணு மாட்டுக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி பேர எழுதுனேன், அதுக்கு கீழ எழுத ஒண்ணும் இல்ல.

பழைய பட்டிக்காரர் எழுதியது:

கன்னு போட இன்னும் ரெண்டு மாசம் இருக்குமே. கிடாரிக்கன்னா இருந்தா எனக்கு ஒரு சொல்லு சொல்லுங்க தம்பி, நெசமாத்தான் கேக்குறேன்.

மேட்டுலயத்தான் எழுதியது:

ஐயா, லயத்துல ஏற்கனவே ரெண்டு பேரு சொல்லி வச்சிட்டாங்க. ஒங்கள மூணாவதா போடுறேன். வாங்க வர்றப்ப தாய கறந்து காட்டுறேன், ரெண்டு நேரமும்.